நடுக்குவாதமும் இல்லாத ஓசைகளும்

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொள்பவர்கள், மருத்துவர் முன் அமர்ந்ததும் கையை நீட்டிக் காட்டுவார்கள். எழுந்து நடந்து காட்டுவார்கள். இரவில் புரண்டு படுக்க முடியவில்லை என்பார்கள். பின்னிரவில் பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல் கேட்கிறது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. சொன்னால் மனநோய் என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சம் ஒருபுறம். ‘காத்து கருப்பு அண்டியிருக்கும்’ என்று வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிடுமோ என்ற தயக்கம் மறுபுறம். புதுச்சேரியிலும் கடலூரிலும் நான் அறிந்த குடும்பங்களில் இந்த அறிகுறி மாதக்கணக்கில் பேசப்படாமலே கிடந்திருக்கிறது. இது மிகவும் வருந்தத்தக்கது. ஏனெனில், நாள்பட்ட நரம்பு நோயோடு வாழ்பவருக்குக் கேட்கும் இல்லாத ஓசைக்குப் பெரும்பாலும் கண்டறியக்கூடிய காரணம் உண்டு. அந்தக் காரணங்களில் பல சரிசெய்யக்கூடியவை. எப்படிப்பட்ட ஓசை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், எந்த மருந்துக்குப் பிறகு என்று பொறுமையாகக் கேட்டறிந்தாலே வழி பாதி தெரிந்துவிடும்.

காது ஒலியைப் பிடித்து அனுப்புகிறது, மூளை அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், அடுத்து என்ன ஒலி வரும் என்று மூளை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. காதிலிருந்து வரும் செய்தியைக் கொண்டு அந்த ஊகத்தைக் கணந்தோறும் திருத்திக்கொள்கிறது. செய்தி மெலிந்து வந்தாலோ, திருத்தும் ஏற்பாடு பழுதுபட்டாலோ, ஊகமே ஒலியாகக் கேட்கத் தொடங்கும். இது நோயாளிகளுக்கு மட்டும் நேர்வதன்று. 1953ஆம் ஆண்டு ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், செவித்திறன் குறையாத 80 பேரை ஒலி புகாத அறையில் அமரவைத்து, காதில் கேட்பதைக் குறித்துத் தரச் சொன்னார்கள். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் ஒலி கேட்டதாகக் குறிப்பிட்டார்கள். அறைக்குள் ஒலி ஏதும் எழுப்பப்படவில்லை.

இந்தக் கடற்கரை ஊர்களில் அந்த ஆய்வை இயற்கையே அவ்வப்போது நடத்திக் காட்டுகிறது. 2011 டிசம்பர் இறுதியில் வந்த தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் மின்சாரம் நின்றது. மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, தெருவில் ஓடும் வண்டிகள் என எல்லாம் ஓய்ந்த இரவில், காது மந்தமான முதியவர்களுக்கு உள்ளிருந்து எழும் இரைச்சல் திடீரெனப் பெரிதாகிவிடுகிறது. இரைச்சல் அன்று புதிதாகப் பிறந்ததன்று. அதை மூடியிருந்த வெளியோசை விலகிவிட்டது, அவ்வளவுதான். காதிரைச்சலால் உறங்க முடியாதவர்களுக்கு, முழு அமைதியை நாடாமல் மெல்லிய விசிறியோசையையோ தாழ்ந்த வானொலியையோ வைத்துக்கொள்ளுமாறு சொல்லப்படுவதன் காரணமும் இதுவே.

இல்லாத ஓசைகளில் மிகப் பரவலானது இந்தக் காதிரைச்சல்தான். ரீங்காரம், சில்வண்டுக் கத்தல், நீராவி சீறுவது என்று பலவிதமாக இதைச் சொல்வார்கள். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் தேய்ந்துபோனதும், வராத செய்தியை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. நிலையம் சரியாகக் கிடைக்காத வானொலியில் ஒலியளவைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுவதுபோல, நரம்புகளின் வெறும் பின்னணித் துடிப்பே ஓசையாகிவிடுகிறது. கடலூர் முதுநகரில் விசைப்படகின் டீசல் எஞ்சினுக்கு அருகிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கும், ஆலைக்கூடங்களில் காதுக்கு அடைப்பான் இல்லாமல் உழைத்தவர்களுக்கும் இது வருவதில் வியப்பில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடமும் இது அதிகம் காணப்படுகிறது. தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், செவிவழி நரம்புப் பாதையில் புண் ஏற்படும்போது சிலருக்கு வருகிறது. ஒரே காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலோடு அந்தக் காதின் திறனும் குறைந்துவந்தால், செவி நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்பதை எம்ஆர்ஐ எடுத்து உறுதிசெய்துகொள்வது வழக்கம்.

இரைச்சலைத் தாண்டிப் பாட்டாகவே கேட்பவர்களும் இருக்கிறார்கள். இசைப் பிரமை எனப்படும் இந்நிலை, செவித்திறன் வெகுவாகக் குறைந்த முதியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம் பதிவாகியிருக்கிறது. கேட்பது பெரும்பாலும் இளமையிலிருந்து கேட்டுப் பழகிய பாட்டாகவே இருக்கும். ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். ஆடி மாதம் முழுவதும் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டே வளர்ந்த ஒருவருக்கு, பூச்சூட்டலும் கூழ்வார்த்தலும் முடிந்து குழாய்களை இறக்கிக் கொண்டுபோன பிறகும் பாட்டு நிற்காமல் கேட்டால், அவர் முதலில் கோயில்காரர்களைத்தான் குறைசொல்வார். பார்வை மங்கியவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரிவதை, தன் பாட்டனாரிடம் கண்டு 1760ஆம் ஆண்டிலேயே சார்ல் பொன்னே எழுதிவைத்தார். இசைப் பிரமை அதன் செவிவழி இணை எனலாம். அறிவு தெளிவாக இருக்கும், ஓசையோ கேட்டுக்கொண்டிருக்கும். செவித்திறனைச் சோதித்துப் பொருத்தமான காதுக்கருவி பொருத்திக்கொண்டதும் பலருக்கு இது தணிந்துவிடுகிறது. இத்தனை எளிய தீர்வு இருக்கும்போது, பரிசோதனையே செய்யாமல் மனநல மாத்திரையில் தொடங்குவது முறையாகாது.

வலிப்பு நோயில் நிலைமை வேறு. மூளையின் பக்கவாட்டு மடலில் ஒலியைக் கேட்டுணரும் பகுதி இருக்கிறது. அங்கே மின்கிளர்ச்சி தொடங்கினால் மணியோசையோ, இரைச்சலோ, சில வேளைகளில் குரலோ வலிப்பின் முதல் அறிகுறியாகக் கேட்கும். மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் வலிப்பு நோயாளிகளின் மூளையில் இந்தப் பகுதியை மின்முனையால் தொட்டபோது, சிலர் பாட்டு கேட்கிறது என்றார்கள். வேறு சிலர் தெரிந்தவர் குரல் கேட்கிறது என்றார்கள். ஓசையில் தொடங்கும் ஒருவகை வலிப்பு சில குடும்பங்களில் வழிவழியாக வருவதும், அதற்கு எல்ஜிஐ1 என்ற மரபணு காரணமாவதும் 2002ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. இதை அடையாளம் காண்பது கடினமன்று: சில விநாடிகளிலிருந்து ஓரிரு நிமிடம்வரைதான் நீடிக்கும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே ஓசையாக இருக்கும், தொடர்ந்து பேச்சுத் தடுமாற்றமோ நினைவு மங்குவதோ வரக்கூடும். அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டிலிருப்பவர் செல்பேசியில் எடுக்கும் ஒரு நிமிடக் காணொளி, மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

இனி நடுக்குவாதத்துக்கு வருவோம். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டு இந்நோயை விவரித்தபோது, புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்றே எழுதினார். அவர் கண்ட நோயாளிகள் மிகச் சிலர். இன்றுள்ள மருந்துகளும் அன்று இல்லை. ஆயினும் அந்த வரியின் நிழல் நெடுங்காலம் நீடித்தது. நடுக்கமும் விறைப்பும்தான் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் குடும்பங்களிடமும் ஊன்றிவிட்டது. நோய் முதிரும்போது பிரமைகள் பலருக்கு வருகின்றன என்பது இன்று தெளிவாகத் தெரியும். காட்சிப் பிரமையே மிகுதி. அறையில் யாரோ இருப்பதுபோன்ற உணர்வு, ஓரக்கண்ணில் பூனையோ ஆளோ கடந்துபோவது ஆகியவை முதலில் வரும். ஓசைகள் பெரும்பாலும் அவற்றின் துணையாக வருகின்றன: காலடிச் சத்தம், கதவு திறக்கும் சத்தம், அடுத்த வீட்டு வானொலி, புரியாத முணுமுணுப்பு.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நெடுநாளாகவே இந்நோய் உண்டு. ஒரு மழைக்காலத்தில், பின்னிரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, “இந்நேரத்துல யாரு கிரைண்டரப் போட்டது?” என்று கேட்கத் தொடங்கினார். சில நாளில் கிரைண்டர் ஓசையோடு, மாவை வழித்துக்கொண்டே பேசும் இரண்டு பெண்களின் குரலும் சேர்ந்தது. என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் புரியவில்லை என்றார். அவருக்கு அதில் பயமில்லை. யார் வீட்டுப் பெண்கள் என்று தெரியாததுதான் குறை. “ஒண்ணும் ஓடல, படுங்க அத்தை” என்று சொல்லிச் சொல்லிச் சலித்த அண்ணி, ஓரிரவு விளக்கைப் போட்டு, கைத்தாங்கலாக அவரைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று, கிரைண்டர்மேல் மூடியிருந்த துணியை எடுத்தார். பெரியம்மா நடுங்கும் விரலால் கல்லைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. “ஓடலதான். ஆனா கேக்குதே” என்றார்.

அந்த ஒரு வரியில் நோயின் நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஓசை பொய் என்று அறிவு ஒப்புக்கொள்கிறது. கேட்பது மட்டும் நிற்கவில்லை. இந்தத் தெளிவு இருக்கும்வரை பிரமையோடு வாழ்வது பெரும்பாலும் இயலும். அந்தத் தெளிவு மங்கி, ‘அவர்கள் நகையை எடுக்க வந்திருக்கிறார்கள்’ என்று நம்பத் தொடங்கும்போதுதான் ஆபத்து. ஆகவே, மருத்துவரிடம் சொல்லும்போது ஓசை கேட்கிறது என்பதோடு, அதை உண்மையென்று நம்புகிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கு அப்போது சிறுநீர்த் தொற்று இருந்தது சோதனையில் தெரிந்தது. அடிக்கடி சிறுநீர் போவதற்காகப் புதிதாகத் தொடங்கிய மாத்திரையும் ஒரு காரணம் என்று மருத்துவர் கருதினார். தொற்று தீர்ந்து, அந்த மாத்திரையும் நிறுத்தப்பட்ட பிறகு பெண்களின் குரல்கள் போய்விட்டன. கிரைண்டர் எப்போதாவது ஓடும்.

இவ்விரண்டு காரணங்களும் ஏன் இத்தனை வலுவானவை என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நடுக்குவாதத்தில், உடலசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிகின்றன என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. அதோடு, கவனத்தையும் விழிப்பையும் காக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளும் குறைந்துபோகிறது. கனவையும் நனவையும் பிரித்து நிறுத்தும் மூளைத்தண்டுப் பகுதிகளும் பழுதுபடுகின்றன. ஏற்கெனவே குறுகிய இருப்பில் இயங்கும் அந்த மூளைக்கு, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் மலச்சிக்கல், நீரிழப்பு, இரத்தத்தில் உப்புச்சத்துக் குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும் குழப்பம் மேலோங்கிவிடும். சித்திரை வெயிலில், இரவில் எழ வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்களை எண்ணினால், இது எவ்வளவு எளிதாக நேரக்கூடியது என்பது புரியும்.

மருந்துகளின் பங்கு இன்னும் பெரிது. நடுக்கத்தைக் குறைக்கத் தரப்படும் டிரைஹெக்சிஃபெனிடில், சிறுநீர்ப்பைக்கான ஆக்சிபியூட்டினின், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரைகள் ஆகிய மூன்றும் அசிட்டைல்கோலினின் செயலைத் தடுப்பவை. மூன்றும் ஒரே முதியவரின் மாத்திரை டப்பாவில் இருப்பதும் அரிதன்று. டோபமினைப்போல் செயல்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவையும், அமன்டடினும் பிரமையைக் கிளப்பக்கூடும். பிரமை வந்தால் மருத்துவர்கள் பொதுவாக இவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்துவிட்டு, மூளைக்குள் டோபமினாக மாறும் லெவோடோபா என்ற மருந்தை இறுதியில்தான் தொடுவார்கள். நடமாட்டத்துக்கு அதுவே ஆதாரம். அச்சத்தில் குடும்பத்தாரே எல்லா மாத்திரைகளையும் ஒரேயடியாக நிறுத்திவிடுவது, நான் மிகவும் அஞ்சும் செயல். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடுங்காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

நாட்டு மருந்தின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. அதை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937ஆம் ஆண்டு வெளியிட்டவர்கள் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்ற வேதியியலாளர்கள்; நடுக்குவாதத்துக்கு அது மருந்தாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் நடந்த பணி அது. அதனால்தான் பூனைக்காலிச் சூரணம் வெறும் சத்துப்பொடி அன்று, அது மருந்தேதான். ஆங்கில மருந்தாக லெவோடோபா உண்பவர், நரம்புக்கு வலு என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூனைக்காலியையும் பாலில் கலந்து குடித்தால், அறியாமலே அளவைக் கூட்டிக்கொள்கிறார். கூடிய அளவு பிரமையாக வெளிப்படலாம். சித்த மருத்துவரிடம் போவதைக் குறைசொல்வதற்கில்லை. இரண்டு மருத்துவர்களுக்கும் மற்றவர் தரும் மருந்து தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. காதிரைச்சலும் தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தால் பலரும் மருந்துக்கடையிலேயே மாத்திரை கேட்கிறார்கள். தலைச்சுற்றலுக்குப் பரவலாகத் தரப்படும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃபுளூனரிசின் ஆகியவையும், குமட்டலுக்கான மெட்டோகுளோபிரமைடும் டோபமினைத் தடுப்பவை. நடுக்குவாதம் உள்ளவருக்கு அவை விறைப்பையும் நடுக்கத்தையும் கூட்டிவிடும், இல்லாதவருக்கே நடுக்கத்தைக் கொண்டுவரவும் கூடும். பிரமையை அடக்கத் தரப்படும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் ஆகியவற்றுக்கும் இதே குறை உண்டு. லூயி உடல் மறதிநோய் எனப்படும் நெருங்கிய நோயில் இவை பேராபத்தையே விளைவிக்கலாம். மருந்து தேவைதான் என்ற நிலை வந்தால், நரம்பியல் மருத்துவர்கள் சிறிய அளவில் குவெடியாபினையோ, வெள்ளணு எண்ணிக்கையை வாரந்தோறும் பார்த்துக்கொண்டு குளோசபினையோ தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே, மனநல மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால் முதல் வாக்கியமாகவே “இவருக்கு நடுக்குவாதம் இருக்கிறது” என்று சொல்லிவிட வேண்டும்.

உறக்கத்தின் விளிம்பில் கேட்பவற்றைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. கண் சொக்கும்போது யாரோ பெயர் சொல்லி அழைப்பதும், தலைக்குள் வெடி வெடித்ததுபோன்ற பேரோசை கேட்டு வலியின்றி விழித்துக்கொள்வதும் நலமாக இருப்பவர்களுக்கும் வருபவை. பகலில் அடக்க முடியாத தூக்கமும் உடன் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மந்திரித்துக் கயிறு கட்டுவதையும், கோயிலிலோ தர்காவிலோ வேண்டிக்கொள்வதையும் நான் எதிர்க்கவில்லை. அச்சத்திலிருக்கும் குடும்பத்துக்கு அது ஆறுதலாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, நோயாளியைப் பட்டினி போட்டாலோ, அடித்து விரட்டப் பார்த்தாலோ அது கொடுமை. அதை ஒருபோதும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் செய்ய வேண்டியது வேறு. கேட்கவே இல்லை என்று வாதிட்டு அவரைப் பொய்யராக்க வேண்டாம். ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம். “எனக்குக் கேக்கல, உங்களுக்குக் கேக்குது, புரியுது” என்று சொல்லி விளக்கைப் போட்டால், அப்போதைக்கு அதுவே பெரும்பாலும் போதும். அண்ணி துணியை எடுத்துக் காட்டியதும் இந்த வகைதான். தனித்து, இருட்டில், காதுக்கருவி இல்லாமல் படுத்திருக்கும் நேரங்களைக் குறைப்பதும் பயன் தரும்.

சில நேரங்களில் காத்திருக்கக் கூடாது. ஒரு காது திடீரெனக் கேளாமல் போய் இரைச்சல் எழுந்தால், சில நாள்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் செவித்திறன் மீளும் வாய்ப்பு கூடுதல். நாடித்துடிப்போடு ஒத்து அடிக்கும் இரைச்சல், இரத்தக்குழாயைச் சோதிக்க வேண்டியதன் அறிகுறி. ஓரிரு நாளில் திடீரென வந்த குழப்பமும் குரல்களும் காய்ச்சலோடு சேர்ந்திருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தன்னையோ பிறரையோ துன்புறுத்தும்படி குரல் ஏவினாலும் அவ்வாறே; 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசி வழிகேட்கலாம்.

மற்றபடி, கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் கோரிமேட்டுக்கு வந்து ஜிப்மர் புறநோயாளிகள் வரிசையில் நிற்பவர்களுக்கு, மருத்துவரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் நினைவிலிருந்து தேடிச் சொல்வதைவிட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது: ஓசை எப்படிப்பட்டது, ஒரு காதிலா இரண்டிலுமா, எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு, அதை அவர் நம்புகிறாரா. சீட்டில் உள்ள மருந்துகளின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். சளிக்கு வாங்கியது, தூக்கத்துக்கு வாங்கியது, பக்கத்து வீட்டார் கொடுத்தது, நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம் உட்பட.